ஜித்தாவுக்குப் போக மூன்றரை, வர எட்டு

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். பாதிக் காரணம் சோம்பல். மீதிக் காரணம், இந்தக் கதையில் மடையனாக வருகிறவன் நான்தான். வேறு யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே எழுதி, எங்கள் ஊர் கண்டக்குழியில் போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் அனுப்பியிருப்பேன். ஆனால் இதில் என் உம்மா வருகிறார், என் கூட்டாளி வருகிறான். இரண்டு பேரையும் பற்றி நல்லதாக நாலு சொல் சொல்ல எனக்கு வேறு கதை இல்லை. முகத்துக்கு நேரே சொன்னால், இவன் என்னமோ கேட்கப் போகிறான் என்று இரண்டு பேருமே உஷாராகிவிடுவார்கள்.

நோன்பு மாதத்தில் உம்மா மக்காவுக்கு உம்ராப் பயணம் போவதென்று முடிவானது. துணைக்கு மாமா, உம்மாவின் தம்பி. இரண்டு பேரும் அதுவரை விமானத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தவர்கள் மட்டும்தான். டிக்கெட் கைக்கு வந்த அன்றே உம்மாவுக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. பயணம் போகிற நாளில் நோன்பு பிடிப்பதா, விடுவதா?

பிரயாணத்தில் நோன்பை விடலாம், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்பது உம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் மக்காவுக்குப் போகிற நாளிலேயே நோன்பை விட அவருக்கு மனம் வரவில்லை. இன்னொரு பக்கம் சீனி வருத்தம், சர்க்கரை நோய். போன வருட நோன்பில் ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தலை சுற்றி, குசினியில் கஞ்சிப் பானைக்குப் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.  அதற்குப் பிறகு டொக்டர் மருந்து நேரங்களை மாற்றிக் கொடுத்து, ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: ஊரில் பிடிக்கிற அளவு நேரத்துக்குப் பிடிக்கலாம், அதற்கு மேல் நீட்டவே கூடாது.

டிக்கெட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பகல் ஒரு மணிக்குக் கிளம்பி, ஜித்தாவில் பின்னேரம் நாலரைக்கு இறங்கும் என்று போட்டிருந்தது. அங்கே நோன்பு துறப்பது ஆறரை தாண்டி.

"மூண்டரை மணித்தியாலம் எண்டா நான் பிடிப்பன் மகன்," என்றார் உம்மா. "இஞ்ச ஊட்டுல இரிக்கிற மாதிரித்தானே. ஆனா இந்தக் கடதாசிய மட்டும் நம்பேலா. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பறக்குது எண்டு நீ சரியாப் பார்த்துச் சொல்லு. நீ படிச்ச புள்ளதானே."

நான் படித்த பிள்ளை என்பதற்கு ஒரு விளக்கம் வேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதினேன், கணிதத்தில் விழுந்தேன், எழும்பவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பரீட்சை மண்டபம் வரைக்கும் போனவன் நான் மட்டும்தான்.

போனில் தேடியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் போனில் வருவதெல்லாம் பொய் என்பது உம்மாவின் முடிவு. நான் அவருக்குக் காட்டிச் சிரித்த சில வீடியோக்கள்தான் அதற்குக் காரணம், அதை விடுங்கள். உம்மா நம்புகிற ஒரே மெஷின், கூட்டாளியின் வள்ளத்தில் இருக்கிற ஜீபிஎஸ் செட். கரை தெரியாத மழையிலும் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற சாமான் அது.

கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்கு வந்தவன். இப்போது பைபர் வள்ளம் ஒன்றும் எஞ்சினும் அவனுடையவை. நான் அவனுடைய வள்ளத்தில் இரண்டாம் ஆள், அதாவது வலை இழுக்கிறதும் வாய் அடிக்கிறதும் என் வேலை. அவனுடைய மனைவி ஜித்தாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் இரண்டாவது வருடம்.

அந்தச் செட்டில் அவன் மீன் கூடுகிற பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, ஒவ்வொரு இடமாகக் குறித்து வைத்திருக்கிறான். மற்றவன் பார்த்தாலும் விளங்காதபடி ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து. அதெல்லாம் அவன் பின்னால் சுற்றிய பெண்களின் பெயர்கள் என்று நான்தான் கரையில் கதை கட்டிவிட்டேன். இன்னும் சிலர் நம்புகிறார்கள்.

ஒரு நாள் விடியலில், வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். அவன் செட்டை எடுத்து மடியில் வைத்தான்.

"ரெண்டு ஏர்போட்டும் எங்க இரிக்கி எண்டு போன்ல பார்த்து இலக்கத்தச் சொல்லு. ரெண்டையும் குறிச்சிட்டுக் கோடு போட்டா இடையில எவ்வளவு எண்டு அதுவே காட்டும்."

"அப்ப போடு."

"போட இடமில்ல. நிறைஞ்சிட்டு. ரெண்டு பார அழிக்கோணும்."

மீன் இருக்கிற இடம் என்றால் எங்கள் கரையில் அண்ணன் தம்பிக்கும் சொல்லமாட்டார்கள். அதை அழிக்கிறது என்பது சாதாரண விஷயமல்ல. அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பட்டனை அமத்தினான், இரண்டு இடம் போய்விட்டது.

"எந்தப் பொண்ட பேரடா அழிச்சாய்?" என்றேன்.

"பேர்தான் போச்சு. இடம் எங்கேயும் போகல்ல."

அது வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் காலையில் செட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, அனல்மின் நிலையத்தின் உயரமான புகைக்குழாயையும் கரையில் நிற்கிற மின்சாரக் காற்றாடி ஒன்றையும் கண்ணால் நேராக்கி, அழித்த இடத்துக்கு மேலேயே வள்ளத்தைக் கொண்டுபோய் நிறுத்தினான். நங்கூரக் கயிற்றை விட்டால் பாரில் தட்டியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைப் பார்த்து, "சுகமில்லையா?" என்று கேட்டான்.

முதல் நாளுக்கு வருகிறேன். நான் இலக்கங்களைப் படிக்கப் படிக்க அவன் உப்பு ஊறிய பெருவிரலால் ஒவ்வொன்றாக அமத்தினான். கட்டுநாயக்க. ஜித்தா. இடையில் கோடு விழுந்தது. திரையில் இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்து என்று வந்தது.

சும்மா பார்ப்போமே என்று எஞ்சினைக் கொடுத்து, வள்ளத்தின் மூக்கையும் ஜித்தாப் பக்கம் திருப்பினான். அம்புக்குறி தூத்துக்குடிப் பக்கமாக நேராக நின்றது. இதே ஓட்டத்தில் போனால் எவ்வளவு நேரம் என்று செட் கணக்குப் பார்த்துக் காட்டியது: ஒன்பது நாளுக்குக் கொஞ்சம் குறைவு.

"ஒம்பது நாள்தான்டா," என்றேன். "உம்மாவ நாமளே கொண்டுபோய் உடுவோம். இடையில இந்தியா ஒண்டுதான் குறுக்கால நிக்கிது."

"நீ வாயால ஊதினா அதுவும் விலகும்," என்றான்.

அதற்குப் பிறகு என் கல்வி வேலை செய்யத் தொடங்கியது. விமானத்தின் வேகத்தைப் போனில் எடுத்தேன். மணிக்கு எண்ணூற்று ஐம்பது அளவில். இரண்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்தை அதால் பிரித்தேன். மூன்றுக்கு ஒரு சொட்டுக் குறைய. ஏறவும் இறங்கவும் அரை மணித்தியாலம் சேர்த்தேன். மூன்றரை. டிக்கெட்டிலும் மூன்றரை!

கணிதத்தில் என் வாழ்க்கையில் இரண்டு பக்கமும் சரிவந்த முதல் கணக்கு அது. கூட்டாளியும், "நீ படிச்சவன், நீ சொன்னாச் சரி," என்றான். பகிடிக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

உம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது சரி மகன். வாறதப் பாரு. அங்க ஆறு மணிக்குக் கிளம்பி இஞ்ச விடியச்சாமம் ரெண்டு மணிக்கு. போக மூண்டரை, வர எட்டா?"

ஒரு கணம் திகைத்துத்தான் போனேன். ஆனால் எனக்கு வாய் எப்போதும் மூளையை முந்தும்.

"வரக்குள்ள எல்லாரும் மக்காவுல இருந்து சம்சம் தண்ணிக் கேன் கொண்டு வாறதானே உம்மா. பாரம். மெல்லத்தான் வரும்."

நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். உம்மா சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். ஐஸ் பெட்டி நிறைந்த வள்ளம் அரை எஞ்சினில் முக்கி முக்கிக் கரைக்கு வருவதை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். வெறும் வள்ளம் பறக்கும், மீன் பிடித்த வள்ளம் ஊரும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவர் தலையை ஆட்டியதைப் பார்த்து, கொஞ்ச நேரத்தில் நானும் நம்பிவிட்டேன். அதுதான் இந்தக் கதையிலேயே வெட்கக்கேடான இடம்.

"அப்ப நான் நோன்பு பிடிக்கிற," என்றார் உம்மா. முடிவாகிவிட்டது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் மகன் கடல் மெஷினால் ஜித்தாவை அளந்துவிட்டான் என்று உம்மா எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு ராத்தா, கட்டாரில் இருக்கிற தன் மகனுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டு வந்தார். அளந்து, மூன்று மணித்தியாலம்கூட இல்லை என்று சொன்னேன். "அவ்வளவுதானா? கொழும்புக்குப் பஸ்ஸுல போறதுக்கும் காணாதே," என்று அழாக்குறையாகச் சந்தோசப்பட்டார். குவைத்துக்கு ஒருவர் வந்தார். நான் ஒரு கதிரையைத் தூக்கி வந்தேன். முற்றத்தில் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு உலகத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கொடுத்தேன்.

பயணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. பின்னேரம் நானும் கூட்டாளியும் கரையில் எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. நோன்பு துறக்கப் பாங்கு சொல்ல, வள்ளத்தோரம் உட்கார்ந்தே பேரீச்சம்பழத்தைக் கடித்து, பள்ளிவாசலில் வாங்கி வந்த கஞ்சியைக் குடித்தோம். அப்போது அவனுடைய மனைவி கோல் எடுத்தாள். எஞ்சின் சத்தத்தில் காது மந்தமான எல்லோரையும் போல அவனும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பான்.

"துறந்தாச்சா?" என்று கேட்டாள். "இஞ்ச இப்பதான் அஸருக்குப் பாங்கு சொல்லுது. எங்களுக்கு இன்னும் ரெண்டரை மணித்தியாலத்துக்கு மேல இரிக்கி."

புதிதாக ஒன்றுமில்லை. சவூதி நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். யாருக்குத்தான் அங்கே ஆள் இல்லை? அவள் வைத்த பிறகும் அவன் கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியை நினைக்கிறான் என்று நினைத்து, நான் பகிடி ஒன்றைத் தயார்பண்ணினேன்.

"டேய்," என்றான். "உம்மா நாலரைக்கு இறங்குறா எண்டு சொன்னாய். அது ஆருட நாலரை?"

"விளங்கல்ல."

"அங்கத்த நாலரையா, இஞ்சத்த நாலரையா?"

"அங்கத்ததாத்தான் இரிக்கோணும்," என்றேன்.

"அங்க நாலரை எண்டா இஞ்ச ஏழு மணி. ஒண்டுக்குக் கிளம்பி ஏழுக்கு. ஆறு மணித்தியாலம்டா."

"அப்ப செட்? செட்டும் மூண்டரை எண்டுதானே..."

"செட் தூரத்த மட்டும்தான் சொல்லிச்சு. மூண்டரை எண்டு சொன்னது நீ. அந்த எண்ணூத்தம்பது, அது என்ன? மைலா?"

போனை எடுத்துப் பார்த்தேன். என் முகமே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"கிலோமீற்றர்," என்றேன்.

அவன் கோப்பையை மணலில் வைத்துவிட்டுச் சிரித்தான் பாருங்கள். என்னோடு கூடிய இத்தனை வருடத்தில் நான் அவனைப் பார்த்துச் சிரித்ததையெல்லாம் ஒரே மூச்சில் திருப்பித் தந்தான்.

"என்ட வள்ளத்துல ஏறி நாலு வருசம். செட்டுல வாறது மைல் எண்டு தெரியாதா? அதுவும் கடல் மைல்டா. நூறு மைல் எண்டா நூத்தி எண்பத்தஞ்சு கிலோமீற்றர்."

பிறகு சிரிப்பை நிறுத்தி, ஈர விரலால் வள்ளத்தின் பக்கத்தில் எழுதத் தொடங்கினான். இருபத்தைந்து நூறு. ஒவ்வொரு நூறுக்கும் நூற்று எண்பத்தைந்து. நாலாயிரத்து அறுநூறு சொச்சம். அதை எண்ணூற்று ஐம்பதால் பிரிக்க, ஐந்தரைக்குக் கிட்ட. ஏற, இறங்க அரை. ஆறு. எழுதி முடிக்கும்போது முதல் வரி காய்ந்துகொண்டிருந்தது, அவனுக்கு அதைத் திரும்பிப் பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. எட்டாம் வகுப்பு! நான் பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் பென்சிலைக் கடித்தவன்.

"காத்து எந்தப் பக்கம் எண்டு தெரியா," என்றான். "அத உட்டுட்டுத்தான் சொல்றன்."

"வாறதுக்கு எட்டு மணித்தியாலம்?"

"அதுல ரெண்டரையக் கழி. ஒரே தூரம்தான். நீ என்ன சொன்னாய் உம்மாட்ட?"

சம்சம் தண்ணீர்ப் பாரத்தைச் சொன்னேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"உம்மா விடியச்சாமம் சஹர் சாப்பிடுறது நாலரைக்கு. அங்க மஃரிப் ஆகி நோன்பு துறக்கக்குள்ள எங்கட ஒம்பது தாண்டும். பதினாறு மணித்தியாலம். சீனிக்காரி. எழும்பு, போய்ச் சொல்லு."

"காலையில சொல்றன்."

"இப்பச் சொல்லு. நீ சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன், நான் சொன்னா ஒழுங்கையே சிரிக்கும்."

போனேன். உம்மா அறையில் கட்டிலின் மேல் பையைத் திறந்து வைத்து, வெள்ளை உடுப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கதவில் சாய்ந்தேன். நேராகச் சொல்ல எனக்கு வராது.

"உம்மா, அந்தச் சம்சம் தண்ணி அவ்வளவு பாரமில்லயாம்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு வரியும் விடாமல் சொன்னேன்: மைல், கிலோமீற்றர், அவர்களுடைய நாலரை, எங்களுடைய ஏழு. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். உம்மா மடித்த உடுப்பைக் கையில் வைத்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நான் அங்க துறக்கக்குள்ள இஞ்ச எத்தின மணி?"

"ஒம்பது தாண்டும் உம்மா."

விரலை மடித்து எண்ணினார். பதினாறில் நின்றார். போன வருடக் குசினி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது என்று நினைக்கிறேன்.

"அண்டைக்கு நான் பிடிக்கல்ல," என்றார் உம்மா. "அல்லாஹ் லேசாக்கித் தந்ததத் தேவல்ல எண்டு சொல்ல நான் ஆரு? உட்ட நோன்ப வந்து கழாப் பிடிப்பன். அங்க போய் மயங்கி விழுந்தா பயத்துல உன்ட மாமாதான் முதல்ல விழுவான்."

அவ்வளவுதான். இரண்டு வாரமாக மனதில் வைத்திருந்த ஆசை அது. அதை ஒரு உடுப்பு மடிக்கிற நேரத்துக்குள் மடித்து வைத்துவிட்டார். நானாக இருந்தால் டிக்கெட்டை, செட்டை, சூரியனையெல்லாம் ஏசியிருப்பேன். உம்மா எழும்பிப் போய் மாத்திரையையும் பிஸ்கட்டையும் எடுத்துக் கைப்பையின் மேல் தட்டில் வைத்தார். பிறகுதான் எனக்குரியது வந்தது.

"அந்தக் கட்டார் ராத்தாட்டப் போ. குவைத்துக்குக் கேட்டவருட்டயும் போ. நீயே வாயால சொன்ன, நீயே வாயால மாத்து."

போனேன். கட்டார் மூன்றல்ல, ஐந்துக்குக் கிட்ட என்று சொன்னதும் பக்கத்து வீட்டு ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்து, "அதுக்குள்ள என்ட புள்ளயத் தூரமாக்கிட்டியேடா," என்றார்.

பயண நாளில் வேனில் கட்டுநாயக்க வரை போனேன். மதுரங்குளி தாண்டும்போதே உம்மா ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றார். நோன்பு மாதத்துப் பகலில், வேன் நிறைய நோன்பாளிகளுக்கு நடுவில், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, ஆனால் முழுதாகத் தின்றார். மாமா வெட்கப்பட்டு ஜன்னலைப் பார்த்தார். உம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாளே செட்டிலிருந்து ஜித்தாவை அழித்துப் பாரைத் திரும்பப் போடுவோம் என்று கூட்டாளியிடம் சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் அவனே கட்டுநாயக்கவை மட்டும் அழித்தான். ஜித்தா இன்னும் இருக்கிறது. வலை போட்டுவிட்டுச் சும்மா இருக்கிற நேரத்தில் சில வேளை அதை அமத்திப் பார்ப்பான். அம்பு மேற்குப் பக்கம் திரும்பும், தூரம் வரும். நான் எதைப் பற்றியும் பகிடி பண்ணுவேன், அதைப் பற்றி மட்டும் பண்ணுவதில்லை.

பயண நாளுக்குத் திரும்புகிறேன். வீட்டுக்கு வந்து, நோன்பு துறந்து, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். ஏழரைக்கு மாமாவின் போனிலிருந்து கோல் வந்தது. உம்மாதான்.

"இறங்கிட்டம் மகன். பிளேன்ல சோறு தந்தான், சாப்பிட்டன், மாத்திரை போட்டன். ஒண்டுமில்ல, நல்லா இரிக்கன். இஞ்ச இன்னும் வெயில் எரிக்கிது."

"எத்தின மணித்தியாலம் உம்மா?"

"நான் மணிக்கூட்ட மாத்தல்ல. எழும்பினது ஒரு மணிக்கு. தரையில முட்டக்குள்ள ஏழு பத்து. அந்தப் புள்ளட்டச் சொல்லு, நல்லா இரிக்கோணும் எண்டு அல்லாஹ்ட்ட துஆக் கேட்பன். உனக்கும் கேட்பன், வேற மாதிரி."

கூட்டாளிக்கு உடனே மெசேஜ் போட்டேன். உம்மா சுகமாக இறங்கிவிட்டார் என்று எழுதினேன். துஆ விஷயத்தையும் எழுதினேன். இவ்வளவு நல்லதாக எழுதிவிட்டோமே என்று பொறுக்காமல் கடைசியில் ஒன்று சேர்த்தேன்: உன்ட கணக்கும் பிழை, ஆறு மணித்தியாலம் பத்து நிமிசம்.

உடனே பதில் வந்தது:

"எதிர்க்காத்து மச்சான்."